ஹீட்டர் குமிழும் 49-ஆம் அட்சக்கோடும்: அயல்நாட்டுக் குளிர்காலக் கார்ப் பயணத்தில் தம்பதியர் வெப்பநிலைத் தகராறு குறித்த ஓர் ஆய்வு

கணவனும் மனைவியும் குளிர்காலத்தில் ஒரு காரில் ஏறிப் பக்கத்து நாட்டுக்குப் போய்வரும் வழக்கத்தைப் பற்றி எழுத வந்தவர்கள், கண்ணாடிக்கு வெளியே தெரிந்ததையே எழுதினார்கள். உறைந்த ஏரி வந்தது, பனி மூடிய சிகரம் வந்தது, சாலையோரம் நின்ற எல்க் மானும் வந்தது. கண்ணாடிக்கு உள்ளே, இரண்டு இருக்கைகளுக்கு நடுவில், ஒரு சிறு வட்டக் குமிழைச் சுற்றி நடக்கும் அரசியலை எழுதுவார் இல்லை. பயண நேரத்தில் பெரும்பகுதி இருவரும் சிகரத்தில் இருப்பதில்லை, காருக்குள்தான் இருக்கிறார்கள் என்பதை நினைத்தால், இது சிறிய விடுபாடு அன்று. ஹீட்டரைக் கூட்டு என்பவரை வெம்மைக் கட்சி என்றும், குறை என்பவரைக் குளுமைக் கட்சி என்றும் இங்கே அழைப்போம். இக்கட்டுரை நிறுவ முயல்வது ஒன்றே ஒன்று: அமெரிக்கத் தம்பதியர் குளிர்காலத்தில் கனடாவுக்குள் நுழைந்த பின் இவ்விரு கட்சிகளின் பகை தணிவதற்குக் காரணம் மலையழகும் அன்று, விடுமுறை மனநிலையும் அன்று. காரணம் செல்சியஸ்.

ஆய்வின் எல்லையை முதலில் வரைந்துவிடுவது மரபு. தலைவனும் தலைவியும் சேர்ந்து அயல்நிலம் வழியே போவதை உடன்போக்கு என்று பெயரிட்டுப் பாலைத் திணையில் வைத்த தமிழ் இலக்கண மரபு, பாலைக்கு வேனிலோடு பின்பனிக் காலமும் உரியது என்று ஒரு வாசலைத் திறந்தே வைத்திருக்கிறது. அந்த வாசல் வழியாகத்தான் நாம் ஆல்பர்ட்டாவுக்குள் நுழைகிறோம். நம் தலைவனும் தலைவியும் மொன்டானாவின் கிரேட் ஃபால்ஸ் நகரில் புறப்படுகிறார்கள். 15-ஆம் எண் நெடுஞ்சாலை ஸ்வீட்கிராஸ் என்ற சிற்றூரில் முடிய, எதிர்ப்புறம் கூட்ஸ் என்ற கனடா ஊர் தொடங்குகிறது. அங்கிருந்து லெத்பிரிட்ஜ், கால்கரி, பான்ஃப், லேக் லூயிஸ். பிறகு ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வே என்னும் 232 கிலோமீட்டர் மலைச்சாலையில் ஜாஸ்பர். காலம், டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. குழந்தைகள் பின் இருக்கையில் இருந்தால் அந்தக் கார் இவ்வாய்வில் சேராது. மூன்றாவது வாக்கு வந்துவிட்டால் அது தகராறு அன்று, தேர்தல். இந்த எல்லையைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. இரண்டு நாட்டிலும் சாலை ஒரே பக்கம், மொழியும் பெரும்பாலும் ஒன்று, குளிரும் ஒன்றே. கோட்டைத் தாண்டும்போது அளவுகள் மட்டும் மாறுகின்றன. ஒரே ஒரு காரணியை மாற்றி மற்ற எல்லாவற்றையும் அப்படியே வைத்திருக்கும் இத்தகைய சோதனைச்சாலையை 8,891 கிலோமீட்டர் நீளத்துக்கு இரண்டு அரசுகள் தம் செலவில் பராமரித்து வருகின்றன. 1925-இல் நிரந்தரமாக்கப்பட்ட எல்லை ஆணையம் ஒன்று, காடு வரும் இடங்களில் 6 மீட்டர் அகலத்துக்கு மரங்களை வெட்டி, கோடு எங்கே என்பதில் யாருக்கும் ஐயம் வராமல் பார்த்துக்கொள்கிறது. ஓட்டுநர் இருக்கைக்கும் பக்கத்து இருக்கைக்கும் நடுவே அப்படி ஓர் ஆணையம் இல்லை.

தகராறுக்குரிய பொருளைக் கொஞ்சம் பார்ப்போம். காரின் ஹீட்டர் தனியாக எதையும் எரிப்பதில்லை. இன்ஜினைக் குளிரவைக்கச் சுற்றிவரும் கூலண்ட் திரவம் 90 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாகிறது. அதில் ஒரு பங்கு டேஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள சிறு ரேடியேட்டர் வழியே போகிறது. விசிறி அதன்மேல் காற்றை ஊதுகிறது. குமிழைத் திருப்பினால் உள்ளே ஒரு தகடு நகர்ந்து, சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் எந்த விகிதத்தில் கலக்கவேண்டும் என்பதை மாற்றும். அவ்வளவுதான். இதிலிருந்து ஒரு முக்கியமான முடிவு வருகிறது. குளிர்காலக் காலையில் இன்ஜின் சூடேறும் வரை, அதாவது முதல் சில கிலோமீட்டர்களுக்கு, கலப்பதற்குச் சூடான காற்றே கிடையாது. அந்தக் கட்டத்தில் குமிழ் எந்தப் பக்கம் திரும்பினாலும் வருவது ஒரே காற்று. ஆனால் பயணத்தின் மிகக் கடுமையான வாக்குவாதங்கள் நடப்பது அந்த முதல் சில கிலோமீட்டர்களில்தான். இல்லாத சொத்துக்கு வழக்காடுவது நம் ஊர் சிவில் கோர்ட்டுகளுக்கு மட்டுமே உரியது என்று நினைத்திருந்தோம். ஆகவே தகராறு வெப்பத்தைப் பற்றியது அன்று என்பது இங்கேயே பாதி உறுதியாகிறது. வெப்பமே இல்லாத இடத்தில் நடக்கும் சண்டை, வெப்பத்துக்காக நடப்பதாக எப்படிச் சொல்வது?

விஞ்ஞானம் இதைத் தீர்த்துவைக்கவில்லையா என்று கேட்பார்கள். முயன்றது. டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஓலே ஃபாங்கர் 1970-இல் வெப்ப வசதி பற்றிய தம் நூலில் ஒரு சமன்பாட்டைத் தந்தார். காற்றின் வெப்பம், சுற்றியுள்ள பரப்புகளின் வெப்பம், காற்றோட்டம், ஈரப்பதம், உடுத்தியிருக்கும் துணி, உடலின் உழைப்பு என்று ஆறு காரணிகளை உள்ளே போட்டால், ஒரு கூட்டம் குளிர்கிறது என்று சொல்லுமா, புழுங்குகிறது என்று சொல்லுமா என்பது மைனஸ் 3 முதல் பிளஸ் 3 வரையிலான அளவுகோலில் வெளியே வரும். உலகெங்கும் அலுவலகங்களுக்கு ஏ.சி. போடுகிறவர்கள் இன்றைக்கும் இதை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். ஆனால் ஃபாங்கர் நேர்மையானவர். எல்லாக் காரணிகளும் மிகச் சரியாக அமைந்தாலும், குறைந்தது 5 சதவீதம் பேருக்கு அதிருப்தி இருந்தே தீரும் என்பதையும் தம் வளைகோட்டில் அவரே சேர்த்துவிட்டார். நூறு பேர் உள்ள கூடத்தில் இது ஐந்து பேர். அவர்களைச் சன்னலோரம் உட்காரவைத்து விடலாம். இரண்டு பேர் உள்ள காரில் இது ஒரு மனிதரில் பத்தில் ஒரு பங்கு. அந்தப் பத்தில் ஒரு பங்கு எந்த உறுப்பு என்று ஃபாங்கர் சொல்லவில்லை. பாதம் என்றுதான் கொள்ளவேண்டும், ஏனெனில் எந்தக் காரிலும் முதலில் புகார் கிளம்புவது அங்கிருந்துதான்.

இதைப் பெண்ணுக்கும் ஆணுக்கும் உள்ள வேறுபாடு என்று சுருக்கிவிடுவோர் உண்டு. அவர்கள் கையில் ஒரு நல்ல சான்றும் இருக்கிறது. 2015-இல் நெதர்லாந்தைச் சேர்ந்த கிங்மா, வான் மார்க்கன் லிக்டன்பெல்ட் என்ற இருவர் காட்டியது இது: அலுவலக வெப்பநிலைக்கான விதிகளில் உடல் உழைப்பின் அளவாக வைத்திருப்பது 40 வயது, 70 கிலோ ஆண் ஒருவரின் கணக்கை, அது பெண்களின் உடல் வெளிவிடும் வெப்பத்தை 35 சதவீதம் வரை கூட்டிச் சொல்லிவிடலாம். மறுப்பதற்கில்லை. ஆனால் கார், அலுவலகம் அன்று. காரில் ஒருவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறார், மற்றவர் கையைக் கட்டிக்கொண்டிருக்கிறார். சும்மா உட்கார்ந்திருப்பவரின் உடல் உழைப்பை ஓர் அலகு என்று வைத்தால், கார் ஓட்டுபவருக்கு ஒன்று முதல் இரண்டு வரை தருகின்றன பொறியியல் அட்டவணைகள். பனிவழுக்கும் சாலையில் அது இரண்டை நெருங்கும் என்பதில் ஐயமில்லை. இன்னொன்று, வெயில். டிசம்பரில் கால்கரியில் நண்பகல் சூரியன்கூட அடிவானத்துக்கு மேல் 15, 16 டிகிரிதான் ஏறுகிறது. (இந்த டிகிரி வேறு டிகிரி, இந்த ஆய்வில் குழப்பத்துக்கு வெளியாள் உதவி தேவைப்படுவதில்லை.) அவ்வளவு தாழ்ந்த வெயில் பக்கக் கண்ணாடி வழியே நேராக மடியில் விழும். எல்லையிலிருந்து வடக்கே போகும்போது காலை வெயில் வலப்பக்கத்தவருக்கு, மாலை வெயில் இடப்பக்கத்தில் இருக்கும் ஓட்டுநருக்கு. கால்கரியில் மேற்கே திரும்பி பான்ஃப் போகும் வழியில் நாள் முழுதும் ஓட்டுநருக்கே வெயில். இடையில் பெட்ரோல் போட இறங்கியவர், முன்கண்ணாடியில் உறைந்த ஐஸைச் சுரண்டிவிட்டு வந்தவர், அடுத்த அரைமணி நேரத்துக்கு வெம்மைக் கட்சியில் தானாகச் சேர்ந்துவிடுகிறார். எனவே கட்சிகள் பிறப்பால் வருவன அல்ல. இருக்கையாலும் திசையாலும் கடைசியாக யார் வெளியே போய்வந்தார் என்பதாலும் வருவன. மதியச் சாப்பாட்டுக்குப் பின் கணவனும் மனைவியும் இடம் மாறி உட்கார்ந்தால், காலையில் தாம் சொன்ன வாதங்களை ஒருவருக்கொருவர் திருப்பித் தந்துகொள்வார்கள்.

இப்படி மணிக்கு மணி கட்சி மாறக்கூடியவர்கள், வாக்குவாதத்தில் மட்டும் ஏன் இவ்வளவு உறுதியாக நிற்கிறார்கள்? விடை குமிழுக்கு மேலே ஒளிரும் எண்ணில் இருக்கிறது. அமெரிக்காவில் வளர்ந்தவருக்கு ஃபாரன்ஹீட் எண் என்பது வெறும் அளவு அன்று, வளர்ப்பு. குளுமைக் கட்சிக்கு அரசாங்க ஆதரவே உண்டு. 1973 நவம்பரில் எண்ணெய் நெருக்கடி வந்தபோது அதிபர் நிக்சன் தொலைக்காட்சியில் தோன்றி, பகலில் வீடுகளின் வெப்பநிலை சராசரியாக 68 டிகிரி என்ற நிலைக்கு வரவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். 1977 பிப்ரவரியில் அதிபர் கார்ட்டர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்து பகலில் 65, இரவில் 55 என்றார். இரண்டு அதிபர்கள், இரண்டு எதிரெதிர்க் கட்சிகள். ஹீட்டரைக் குறைப்பதில் மட்டும் கருத்து ஒன்றே. வெம்மைக் கட்சிக்குப் பின்னால் அதிபர் யாரும் இல்லை. அம்மா வீட்டில் 75 வைத்திருந்தார் என்ற நினைவு இருக்கிறது. அரசாணையும் அம்மாவும் மோதும் இடத்தில் சமரசம் வருவது கடினம். 68 என்றால் சிக்கனம், பொறுப்பு, நாட்டுப்பற்று. 75 என்றால் பாசம், சூப், காய்ச்சலில் விட்ட பள்ளிக்கூடம். இருவரும் பேசுவது காற்றைப் பற்றி அன்று.

இப்போது இவர்களைக் கூட்ஸ் சோதனைச் சாவடி தாண்டி உள்ளே அனுப்புவோம். கனடா வானிலைத் துறை 1975 ஏப்ரல் 1 அன்று செல்சியஸுக்கு மாறியது. தேதியைப் பார்த்துச் சிலர் சிரித்திருக்கலாம். ஆனால் மாற்றம் நிலைத்துவிட்டது. 1977 செப்டம்பரில் சாலைப் பலகைகளும் மைலிலிருந்து கிலோமீட்டருக்கு வந்தன. தெற்கே அதே 1975 டிசம்பரில் அதிபர் ஃபோர்டு மெட்ரிக் மாற்றச் சட்டத்தில் கையெழுத்திட்டார். விரும்பினால் மாறலாம் என்று அந்தச் சட்டம் சொன்னது. யாரும் விரும்பாததால் அதற்கான வாரியம் 1982-இல் மூடப்பட்டது. ஆக, ஒரே ஆண்டில் எடுத்த இரண்டு முடிவுகளால், இங்கே எல்லையாக அமைந்த 49-ஆம் அட்சக்கோட்டின் இரு பக்கமும் ஒரே குளிருக்கு இரண்டு எண்கள். ரேடியோ மைனஸ் 22 என்கிறது. தம்பதியருக்கு அது குளிர் என்று தெரியும், எவ்வளவு குளிர் என்று தெரியாது. அந்த எண்ணோடு வளர்ந்த நினைவு இல்லை, அதன் பின்னால் அதிபரும் இல்லை, அம்மாவும் இல்லை. சொந்தக் காரை விட்டுக் கால்கரியில் ஒரு காரை வாடகைக்கு எடுத்து, அதன் குமிழ் 22 என்று காட்டினாலும் இதே நிலைதான். 22-க்காக உயிரைக் கொடுக்க அமெரிக்கர் எவரும் வளர்க்கப்படவில்லை. இதுவே நம் ஆய்வின் மையம்: எண்ணின் மேலிருந்த நம்பிக்கை போனதும், எண்ணுக்கான சண்டையும் பிடி கிடைக்காமல் நழுவுகிறது.

கணிதச் சான்றும் உண்டு. குளுமைக் கட்சி 68-இலும் வெம்மைக் கட்சி 75-இலும் நிற்பதாகக் கொள்வோம். இடையில் 69 முதல் 74 வரை ஆறு படிகள். ஆறு இரட்டைப்படை எண். ஆதலால் நடுப்படி கிடையாது. நியாயமான நடு 71.5. ஃபாரன்ஹீட் காட்டும் கார்கள் பொதுவாக முழு எண்ணாகத்தான் நகரும், அரை கொடுக்காது. ஆக 71-ஆ 72-ஆ என்ற கேள்வி வருகிறது. முதல் தகராறு தீர்ந்த இடத்திலேயே இரண்டாவது பிறக்கிறது. இதே இருவரைச் செல்சியஸில் நிறுத்துங்கள். 68 என்பது மிகச் சரியாக 20. 75 என்பது ஏறத்தாழ 24. இடையில் 21, 22, 23 என்று மூன்றே படிகள். நட்டநடுவில் 22 காத்திருக்கிறது. எண்களை வேண்டுமென்றே பொறுக்கி எடுத்தீர்கள், 20-ம் 23-ம் என்று வைத்திருந்தால் அங்கும் நடு இல்லையே என்று மறுப்பவர்களுக்குப் பதில்: செல்சியஸ் கார்கள் பெரும்பாலும் அரை டிகிரியாக நகர்பவை, 21.5 அங்கே இருக்கிறது. ஆண்டர்ஸ் செல்சியஸ் இதையெல்லாம் எதிர்பார்த்தார் என்று சொல்ல வரவில்லை. 1742-இல் அவர் வகுத்த அளவுகோலில் தண்ணீர் கொதிப்பது 0, உறைவது 100. அதை அவருக்குப் பின் தலைகீழாகத் திருப்பினார்கள். திருப்பாமல் விட்டிருந்தால், ‘கொஞ்சம் கூட்டு’ என்று ஒருவர் சொல்ல, மற்றவர் எண்ணைக் கூட்டி, கார் உறைந்துபோயிருக்கும். அந்த ஆய்வு நமக்கு வாய்க்காமல் போனது.

உள்ளே உள்ள குமிழுக்கு வெளியேயும் செல்சியஸ் வேறு விதமாக வேலை செய்கிறது. எண்ணை மாற்றும் வாய்ப்பாடு எளிது: இரட்டிக்க வேண்டும், வந்ததில் பத்தில் ஒரு பங்கைக் கழிக்க வேண்டும், 32-ஐக் கூட்ட வேண்டும். மைனஸ் 22-க்கு இதைச் செய்து பாருங்கள். இரட்டித்தால் மைனஸ் 44. பத்தில் ஒரு பங்கைக் கழிப்பது என்றால் மைனஸில் கழிப்பதா கூட்டுவதா என்று ஒரு நிறுத்தம், மைனஸ் 39.6 என்று ஒருவர், மைனஸ் 48.4 என்று மற்றவர். பிறகு 32. சரியான விடை மைனஸ் 7.6. வாய்க்கணக்கை முடித்து, ஒருவர் தவற்றை மற்றவர் திருத்தி நிமிர்வதற்குள் கூலண்ட் சூடேறிவிடுகிறது. அந்த ஆபத்தான முதல் சில கிலோமீட்டர்கள் இப்படிக் கழிகின்றன. அதற்கு மேல் காற்றுக்குளிர் எண் என்று ஒன்று வருகிறது. 1945-இல் சைப்பிள், பேசல் என்ற இருவர், அண்டார்க்டிகாவில் ஒரு பிளாஸ்டிக் உருளையில் தண்ணீர் எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று பார்த்து எழுதிய கணக்கு அது. மனிதர் உருளை அல்லர் என்பது பின்னர் கவனத்துக்கு வர, 2001-இல் இரு நாடுகளும் சேர்ந்து, டொராண்டோவில் ஆறு ஆண்களையும் ஆறு பெண்களையும் குளிர்ந்த காற்றில் நடக்கவிட்டு, முகங்களில் அளந்து, புதிய சூத்திரம் செய்தன. அதிலும் கனடா ஒரு படி மேலே போனது. மைனஸ் 20-இல் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று வீசினால் காற்றுக்குளிர் மைனஸ் 33 என்று சொல்கிறார்கள். டிகிரி என்று சொல்வதில்லை. அலகே இல்லாத எண். எதிலிருந்தும் எதற்கும் மாற்ற முடியாத, எனவே எதிர்வாதமும் செய்ய முடியாத எண். காருக்குள் இதைக் கேட்கும் தம்பதியர் இருவரும் ஒரே சமயத்தில் ஜாக்கெட்டின் ஜிப்பை மேலே இழுக்கிறார்கள்.

குளுமைக் கட்சியின் தீவிரவாதப் பிரிவு ஒன்றையும் இங்கே கவனிக்கவேண்டும்: பேச்சுவார்த்தை முறிந்ததும் சன்னலைத் திறப்பவர்கள். ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வேயில் வேக வரம்பு 90. வெளியே மைனஸ் 20 என்றால், 90 கிலோமீட்டர் காற்றுக்குச் சூத்திரம் தரும் விடை மைனஸ் 39. சூத்திரம் தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் அளந்த காற்றுக்கானது, கார் அவ்வளவு உயரமில்லை என்ற மறுப்பை ஏற்கிறோம். சன்னல் உடனே மூடப்படும் என்பதால் அது முடிவைப் பாதிக்காது.

இனி மறுப்புகள். முதலாவது, தம்பதியர் போவது தங்கள் சொந்தக் காரில். அதன் டேஷ்போர்டு ஃபாரன்ஹீட்தானே என்பது. உண்மை. ஆனால் காரைச் சுற்றியுள்ள உலகம் முழுதும் வேறு மொழி பேசும்போது, டேஷ்போர்டு தனித்து நிற்கும் சாட்சியாகிவிடுகிறது. கைபேசி நொடியில் மாற்றித் தராதா என்றால், தரும். எண்ணைத் தரும், அந்த எண்ணின் மேல் இருக்கவேண்டிய பற்றை அது தருவதில்லை. இரண்டாவது மறுப்பு வலுவானது: கனடா நாட்டுத் தம்பதியர் செல்சியஸிலேயே வாழ்கிறார்கள், அவர்கள் சண்டை போடுவதில்லையா? போடுகிறார்கள். நாம் செல்சியஸுக்கு மருத்துவ குணம் கற்பிக்கவில்லை. அது அந்நியமாக இருப்பதே மருந்து என்கிறோம். நமது வீட்டு ஃபேன் ரெகுலேட்டரைப் பாருங்கள். ஒன்று முதல் ஐந்து வரை எண். அலகு கிடையாது, விஞ்ஞானம் கிடையாது, அதிபர் உரை கிடையாது. ஆனாலும் மூன்றிலா நான்கிலா என்பதில் தலைமுறை தலைமுறையாக வழக்கு நடக்கிறது. காரணம், அந்த மூன்று நமக்குத் தெரிந்த மூன்று. ரெகுலேட்டரில் ஐந்துக்குப் பதில் யாருக்கும் புரியாத பதினேழு குறிகள் இருந்தால் வீடு அமைதியாகத் தூங்கும். கனடாக்காரர்கள் அமெரிக்காவுக்குக் காரில் போனால் எதிர்மாறான பலன் கிடைக்குமே என்பார்கள். கிடைக்கக்கூடும்; ஆனால் குளிர்காலத்தில் அவர்களில் பலர் போகுமிடம் ஃபுளோரிடா. அங்கே ஹீட்டருக்கு வேலையில்லை. ஆய்வெல்லைக்கு வெளியே.

மூன்றாவது மறுப்பு தொழில்நுட்பத்திலிருந்து வருகிறது: இப்போதைய கார்களில் ஓட்டுநருக்கு ஒரு குமிழ், பக்கத்தவருக்கு ஒரு குமிழ் என்று தனித்தனியே இருக்கிறதே, தகராறு ஏது? நடுவே சுவர் இல்லாத ஓர் அறையில் இருவருக்கும் தனித்தனி வானிலை தருவதாகச் சொல்லும் இந்த ஏற்பாடு, கூட்டுக் குடும்பத்தில் தனித்தனி அடுப்பு வைத்ததற்குச் சமம். புகை எப்படியும் கலக்கும். போதாததற்கு, இருவரின் மூச்சு ஈரமும் முன்கண்ணாடியில் படிந்து மங்கலாகும்போது, கண்ணாடிக்குச் சூடான, உலர்ந்த காற்று வேண்டும். அந்த நிமிடம் இரண்டு குமிழ்களின் இறையாண்மையும் முடிவுக்கு வருகிறது. காற்று முழுதும் மேல்நோக்கிப் போகிறது, பாதங்கள் கைவிடப்படுகின்றன. தனிக் குமிழ்கள் செய்த ஒரே மாற்றம், முன்பு ஓர் எண்ணைப் பார்த்துச் சண்டையிட்டவர்கள் இப்போது இரண்டு எண்களை ஒப்பிட்டுச் சண்டையிடுவது.

நான்காவது மறுப்பை எழுப்புபவர்கள் பொறுப்புள்ளவர்கள் என்பதால் பணிவோடு பதில் சொல்லவேண்டும். அலகு புரியாமல் இருப்பது நல்லது என்று எழுதுகிறீர்களே, கிம்லி மறந்துவிட்டதா என்பார்கள். மறக்கவில்லை. கனடா மெட்ரிக்குக்கு மாறிக்கொண்டிருந்த காலம். 1983 ஜூலை 23 அன்று ஏர் கனடாவின் 143-ஆம் எண் விமானம், கிலோகிராமுக்குப் பதில் பவுண்டு கணக்கில் எரிபொருள் நிரப்பப்பட்டு, 41,000 அடி உயரத்தில் இன்ஜின்கள் நின்று, மானிட்டோபாவில் கிம்லி என்ற ஊரின் பழைய விமானத் தளத்தில் சறுக்கி இறங்கியது. எல்லோரும் பிழைத்தார்கள். நமது கோட்பாடு ஹீட்டர் குமிழுக்கு மட்டுமே உரியது. பெட்ரோலுக்குப் பொருத்திப் பார்க்கக்கூடாது. குளிர்காலத்தில் ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வேயில் பெட்ரோல் பங்க் திறந்திருப்பதில்லை, பெரும்பகுதியில் கைபேசிச் சிக்னல் இல்லை, நவம்பர் 1 முதல் ஏப்ரல் 1 வரை குளிர்கால டயரோ சங்கிலியோ இல்லாமல் அந்தச் சாலையில் ஏறுவது சட்டவிரோதம். லிட்டரைக் காலனாக மாற்றுவதில் இனிய அறியாமையைக் கடைப்பிடிப்பவர்கள் அங்கே இருட்டியபின் ஒரே போர்வையின் கீழ் ஒற்றுமையாக இருப்பார்கள் என்பது உண்மைதான். ஆனால் அந்த ஒற்றுமைக்குச் செல்சியஸ் பொறுப்பேற்காது.

கடைசி மறுப்பு கணிதத்திலிருந்தே வருகிறது. இதுவே மிக நுட்பமானது. இரண்டு அளவுகோல்களும் ஓரிடத்தில் சந்திக்கின்றன. மைனஸ் 40 ஃபாரன்ஹீட், மைனஸ் 40 செல்சியஸ், இரண்டும் ஒன்றே. ஆல்பர்ட்டாவின் ஜனவரிக்கு அது எட்டாத ஆழமன்று. மொன்டானா பக்கமும் குறைந்ததில்லை: நம் தம்பதியர் புறப்பட்ட ஊருக்கு வடகிழக்கே உள்ள லோமாவில் 1972 ஜனவரியில் 24 மணி நேரத்துக்குள் வெப்பம் மைனஸ் 54 ஃபாரன்ஹீட்டிலிருந்து 49-க்கு ஏறியது, அதுவும் குமிழை யாரும் தொடாமலே. இரவெல்லாம் வெளியே நின்ற காரின் உள்ளேயும் வெளியே உள்ள அதே குளிர்தான் இருக்கும். மைனஸ் 40 என்ற காலையில் டேஷ்போர்டும் ரேடியோவும் முதன்முறையாக ஒரே எண்ணைச் சொல்லும். எண் மீண்டும் தெரிந்த எண்ணாகும். பழைய நம்பிக்கை திரும்பும். அதோடு கட்சிகளும் திரும்பவேண்டும். நம் கோட்பாடு அங்கே உடைகிறதா? உடையவேண்டியதுதான். ஆனால் அந்தக் குளிரில் இன்ஜின் ஆயில் கெட்டியாகி, பேட்டரி பலமிழந்து, சாதாரணக் கார் கிளம்புவதே இல்லை. இன்ஜின் சூடில்லையேல் கூலண்ட் சூடில்லை, ஹீட்டர் இல்லை, தகராறும் இல்லை. தான் பொய்யாகும் ஒரே இடத்தில் தன் ஆய்வுப்பொருளே மறைந்துவிடும் கோட்பாடு பலருக்கு வாய்ப்பதில்லை.

இந்த மகிழ்ச்சியை வடக்கு டகோட்டாவைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஃப்ரீமன் என்பவர் 1949-இலேயே கெடுத்துவைத்திருக்கிறார். நின்ற காரின் இன்ஜினை மின்சாரத்தால் இரவு முழுதும் வெதுவெதுப்பாக வைக்கும் சூடேற்றிக்கு அந்த ஆண்டு அவர் காப்புரிமை வாங்கினார். இன்றைக்கும் கனடாவின் புல்வெளி மாகாணங்களில் கார்களின் முகப்பில் ஒரு பிளக் தொங்குவதையும், வண்டி நிறுத்துமிடங்களில் அதற்கான சாக்கெட்டுகள் வரிசையாக நிற்பதையும் பார்க்கலாம். பிளக்கைச் செருகிவைத்த கார், மைனஸ் 40 காலையிலும் கிளம்பிவிடும், ஹீட்டரும் வேலை செய்யும், கோட்பாடு அம்பலமாகும். ஆனால் அந்தப் பிளக்கை இரவில் யாராவது வெளியே போய்ச் செருகியாக வேண்டும். விடுதி அறையில் செருப்பையும் ரிமோட்டையும் தேடுவதுபோல் பாவனை செய்து நேரம் கடத்துபவர் ஒருவர். பேசாமல் பூட்ஸை மாட்டிக்கொண்டு இறங்குபவர் ஒருவர். மறுநாள் ஜாஸ்பர் வரைக்கும் குமிழ் இறங்கியவருடைய கையில். அவர் 65 வைத்தாலும் 24 வைத்தாலும் எதிர்க்கட்சி வாய் திறப்பதில்லை.